மன்னாரில் வளர்ந்த மகாராணி

கண்டியிலிருந்து புறப்பட்டுக் கட்டுகஸ்தோட்டையில் மகாவலி கங்கையைக் கடந்து, அக்குறணை, அலவத்துகொட ஆகிய ஊர்களின் ஊடே மாத்தளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையை அறியாதார் நம்மில் இரார். அச்சாலை மாத்தளையோடு நிற்பதில்லை. தம்புள்ளையைக் கடந்து வடக்கே நீள்கிறது. மதவாச்சியில் அதனின்றும் இடப்புறமாகப் பிரியும் கிளை மன்னார்த் தீவைச் சென்று சேர்கிறது. ஒரு முனையில் உப்புக் காற்று வீசும் மன்னார். மறு முனையில் மலைகள் சூழ்ந்த கண்டி. சற்றேறக்குறைய நானூறு ஆண்டுகளுக்கு முன், மன்னாரில் ஞானஸ்நானம் பெற்று வளர்ந்து, கண்டியில் முடிசூடி, அங்கேயே தாயாகி, அங்கேயே மாண்ட ஒரு பேரரசியின் வாழ்க்கையே ஈண்டு நாம் கூறப் புகுவது. சிங்கள மக்கள் அவளைக் குசுமாசன தேவி என்பர். போர்த்துக்கேயர் இட்ட பெயர் தோனா கத்தரீனா. வரலாற்றில் நிலைத்தது பின்னைய பெயரே.

அவள் கண்டி மன்னன் கரலியத்தே பண்டாரவின் மகள். 1582-ஆம் ஆண்டளவில் சீதாவாக்கை மன்னன் முதலாம் இராசசிங்கன் மலைநாட்டின்மீது படையெடுத்தான். உள்நாட்டுப் பிரபு ஒருவனின் துரோகமும் அவனுக்குத் துணையாயிற்று. கரலியத்தே பண்டார தன் குடும்பத்துடன் கிழக்கே திருகோணமலைப் பக்கம் ஓடினான். வாளுக்குத் தப்பியவனை நோய் விடவில்லை. அம்மை கண்டு அரசனும் அரசியும் மாண்டனர். எஞ்சியது ஒரு சிறு பெண் குழந்தை. அரசனின் மருமகனான யமசிங்க பண்டார அக்குழந்தையை எடுத்துக்கொண்டு மன்னார்க் கோட்டையிலிருந்த போர்த்துக்கேயரிடம் அடைக்கலம் புகுந்தான்.

மன்னாரை அக்காலத்தில் ஏதோ ஒரு துறைமுகம் என்று எண்ணிவிடலாகாது. 1544-ஆம் ஆண்டிலே, புதிதாகக் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவிய மன்னார் மக்கள் பல நூற்றுவரை யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னன் கொல்வித்தான். அந்த இரத்தத்தின் நினைவு அம்மண்ணில் மாறாதிருந்தது. 1560-இல் போர்த்துக்கேயர் தீவைக் கைப்பற்றிக் கோட்டை அமைத்தபின், முத்துக்குளிக்கும் பரதவரும் ஏனையோருமாக ஒரு கிறிஸ்தவ சமுதாயம் அங்கே வேர்விட்டது. சமயத்துக்காக உயிரைக் கொடுத்தவர்களின் பெயரைத் தாய்மார் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கும் ஊர் அது. தாய் தந்தையரை இழந்த கண்டி இளவரசிக்குத் தாய்வீடாக அமைந்தது அவ்வூரே. அவளுக்குச் செபமும் எழுத்தும் கற்பித்தவர்கள் பிரான்சிஸ்கன் சபைத் துறவிகள். யாருமற்ற குழந்தைக்கு அச்சமயம் பின்னொரு நாள் ஏற்றுக்கொண்ட கொள்கையன்று; நினைவு தெரிந்த நாள் முதல் அதுவே வீடு, அதுவே உறவு. இதனை மறந்தால் அவளுடைய பிற்கால வாழ்க்கை விளங்காது.

அவளை வளர்த்தோர் அன்பினால் மட்டும் வளர்த்தனர் என்றும் கூறுவதற்கில்லை. கண்டி அரசின் நேர் வாரிசு அவள் ஒருத்தியே. அவள் கையைப் பற்றுபவன் எவனோ அவனே கண்டிக்கு உரியவன். அவள் வயிற்றிற் பிறக்கும் பிள்ளை எந்தச் சமயத்தில் வளருமோ அச்சமயமே மலைநாட்டின் அரியணையில் அமரும். கோட்டையிலிருந்த தளபதிகள் இக்கணக்கை நன்கு அறிந்திருந்தனர். சின்னஞ்சிறு பெண்ணொருத்தியின் தாய்மை, அவள் பருவம் எய்துமுன்னரே அரசியற் பொருளாகிவிட்டது.

இதற்கிடையில் மலைநாட்டில் நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் கூறுவோம். யமசிங்க பண்டார, தொன் பிலிப்பு என்ற பெயருடன் கண்டிக்கு அரசனாக்கப்பட்டான். விரைவில் இறந்தும் போனான். அவனுடன் சென்ற படையில் இருந்தவன் கோணப்பு பண்டார. தன் தந்தையைச் சீதாவாக்கை மன்னன் கொன்றுவிட்டமையால் கொழும்புக்கு ஓடி, ஞானஸ்நானம் பெற்று, ஐரோப்பியப் பெருவீரன் ஒருவனின் பெயரையே தன் பெயராகச் சூடி, கோவாவரை சென்று போர்ப்பயிற்சி பெற்று மீண்டவன் அவன். பிலிப்பு இறந்ததும் போர்த்துக்கேயரைத் துரத்திவிட்டுத் தானே கண்டி மன்னனானான். கிறிஸ்தவ சமயத்தையும் துறந்தான். விமலதருமசூரியன் என்று வரலாறு போற்றுவது இவனையே. ஆண்மையும் அறிவும் அவனிடம் குறைவற இருந்தன; அரசுரிமை ஒன்றே இல்லை. அவ்வுரிமை மன்னாரில் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தது.

1594-ஆம் ஆண்டு பேதுரோ லோப்பெஸ் டி சூசா என்னும் தளபதி பெரும் படையொன்றுடன் பலனைக் கணவாயைக் கடந்து கண்டியினுள் நுழைந்தான். விமலதருமசூரியன் காட்டுக்குள் பின்வாங்கினான். தோனா கத்தரீனா கண்டியின் அரசியாக முடிசூட்டப்பட்டாள். மக்கள் முதலில் மகிழ்ந்தனர். பழைய மன்னனின் இரத்தமல்லவா! ஆனால் அவளைச் சுற்றி நின்றவர்கள் அனைவரும் அந்நியச் சிப்பாய்கள். அவளைப் போர்த்துக்கேயர் ஒருவருக்கே மணமுடிக்கப் போகிறார்கள் என்ற பேச்சு எழுந்ததும் மக்களின் மகிழ்ச்சி கசந்தது. போர்த்துக்கேயருக்குத் துணைநின்ற ஜயவீர பண்டார என்ற உள்நாட்டுத் தலைவனும் அவள் கையை விரும்பினான். அவன்மீது ஐயம் விளைவிக்க விமலதருமசூரியன் சூழ்ச்சி செய்தான், சூழ்ச்சி பலித்தது, போர்த்துக்கேயர் தம் நண்பனைத் தாமே கொன்றனர். மறுநாளே உள்நாட்டுப் படைகள் கலைந்தோடின. பின்வாங்கிய போர்த்துக்கேயப் படை அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் தந்துறையில் வளைக்கப்பட்டு அழிந்தது. கோட்டையிலே வளர்ந்த இளம் அரசி, தன்னை வளர்த்தவர்களின் பிணங்களின் நடுவே வெற்றியாளன் கையில் சிக்கினாள். விமலதருமசூரியன் அவளை மணந்தான்.

அந்த மணத்தில் அவள் உள்ளம் எத்தகையதென்று கூற ஏடு எதுவும் இல்லை. வென்றவர்களின் வீரத்தை எழுதியோர் உண்டு. தோற்றவர்களின் சாவை எழுதியோரும் உண்டு. மணமேடையில் நின்ற பெண்ணைக் கேட்டவர் ஒருவருமிலர். அவளை மணந்தவன் ஒரு காலத்தில் அவள் கற்ற அதே செபங்களைக் கற்றவன் என்பதை மட்டும் நாம் நினைவிற்கொள்ளலாம்.

புதிய மன்னன் தன் ஆட்சியை உறுதிப்படுத்தப் புத்தரின் புனித தந்தத்தைத் தெல்கமுவையிலிருந்து கண்டிக்குக் கொணர்வித்து, அரண்மனையின் அருகே இரண்டு மாடிக் கோயில் எடுத்தான். மன்னாரில் கோவில் மணியோசையில் கண்விழித்த பெண், இப்போது தந்த தாதுக் கோயிலின் முரசொலியில் கண்விழித்தாள். அவள் ஞானஸ்நானத்தைப் பற்றி அரண்மனையில் யாரும் பேசியிருக்கமாட்டார்கள். அதை அழிக்கவும் முடியாது; வெளிக்காட்டவும் முடியாது.

ஆயினும் ஒரு சிறு சாளரம் நமக்குத் திறந்திருக்கிறது. 1602-ஆம் ஆண்டு ஸ்பில்பேர்கன் என்னும் ஒல்லாந்தக் கடற்றளபதி மட்டக்களப்பில் இறங்கிக் கண்டிக்கு வந்தான். மன்னன் அவனைப் பெருஞ்சிறப்புடன் வரவேற்று, ஒரு நாள் தன் அந்தப்புரத்துக்கே அழைத்துச் சென்றான். அங்கே அரசி தன் மகனுடனும் மகளுடனும் அமர்ந்திருக்கக் கண்டான் அத்தளபதி. அவர்கள் அணிந்திருந்தது கிறிஸ்தவ நாட்டு உடை என்று அவன் பயணக் குறிப்பு சொல்கிறது. ஒல்லாந்தர் இந்நாட்டில் கோட்டை கட்ட விரும்பினால், தானும் தன் அரசியும் மக்களுமே கல்லைத் தோளிற் சுமந்துவரத் தயார் என்று மன்னன் அவனிடம் கூறினான். வரலாற்று மாணவர் யாவரும் இவ்வாக்கையே நினைவிற்கொள்வர். நமக்கோ அந்த உடையே பெரிது. விருந்தினனை மகிழ்விக்க மன்னன் செய்த ஏற்பாடு அது என்று வாதிக்கலாம், இருக்கட்டும். அந்த உடையை வெட்டித் தைக்கவும் பிள்ளைகளுக்கு அணிவிக்கவும் அறிந்தவள் அவ்வரண்மனையில் யார்? எட்டு ஆண்டுகளாக மலைகளுக்கிடையே அடைபட்டிருந்தும், தன் குழந்தைப் பருவத்தின் ஒரு துணுக்கைத் தன் குழந்தைகளின் மேனியில் அவள் காத்துவைத்திருந்தாள் என்றே நாம் கருதுகிறோம். தாய் தன் பிள்ளைக்கு உடுத்தும் துணியைப்போல் அவள் உள்ளத்தைக் காட்டும் பிறிதொன்று இல்லை.

கணவன் அவளை மதித்தான் என்பதற்கும் சான்று உண்டு; ஆனால் அது இரத்தக் கறை படிந்த சான்று. அடுத்த ஆண்டு, 1603-இல், செபால்ட் டி வேர்ட் என்ற மற்றோர் ஒல்லாந்தத் தளபதி மட்டக்களப்புக்கு வந்தான். சிறைப்பிடித்த போர்த்துக்கேயரை விடுவித்து மன்னனின் சினத்தை அவன் ஏற்கெனவே தேடிக்கொண்டிருந்தான். தன் கப்பலுக்கு வருமாறு மன்னனை அவன் வற்புறுத்தியபோது, கண்டியில் அரசி தனித்திருப்பதால் திரும்பவேண்டும் என்றான் மன்னன். மதுமயக்கத்திலிருந்த தளபதி அரசியின் கற்பைப் பழித்து ஒரு சொல் சொன்னான். அச்சொல் அவனுக்கும் அவனுடன் கரையிறங்கியோர் பலருக்கும் எமனாயிற்று.

1604-இல் விமலதருமசூரியன் இறந்தான். கைம்பெண்ணான அரசியைச் சுற்றி மறுபடியும் அதே போட்டி. பழைய மன்னனின் இரத்தம் அவளிடமே இருந்தது. சிறுவன் மகாஸ்தானனோ அரசாளும் வயதினனல்லன். இறந்த மன்னனின் நெருங்கிய உறவினனும், துறவுக் காவியைக் களைந்து இல்லறம் புகுந்தவனுமான செனரதன் அரியணையைப் பற்றினான். அரசியை மணந்தான். அவள் மீண்டும் கருவுற்றாள்.

இனி நாம் கூறப்போவதே அவள் வாழ்வின் நடுநாயகமான நிகழ்ச்சி.

தந்துறைத் தோல்விக்குப் பழிவாங்க வந்த தளபதி ஜெரோனிமோ டி அசவேது 1594 முதல் 1612 வரை இந்நாட்டில் போர்த்துக்கேயப் படைக்குத் தலைவனாயிருந்தான். கண்டியை நேரே வெல்ல அவனால் இயலவில்லை. ஆகவே ஊர்களை எரிப்பதும் வயல்களை அழிப்பதும் கால்நடைகளைக் கவர்வதும் அவன் போர்முறையாயின. அவன் கொடுமைகளைச் சிங்கள நூல்கள் மட்டும் கூறவில்லை. போர்த்துக்கேய வரலாற்றாசிரியர்களே எழுதிவைத்துள்ளனர். தாய்மாரைக் கொண்டே அவர்தம் பிள்ளைகளை அரைத்துக் கொல்வித்தான் என்று வரும் இடத்தைப் படிக்கும் எவருக்கும் நெஞ்சு நடுங்கும். இப்படைகள் சிலுவைக் கொடி பிடித்தே வந்தன என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

அத்தகைய படை மலைநாட்டுக்குள் ஏறிவந்த ஒரு சமயம். அரசி நிறைகர்ப்பிணி. செனரதன் செய்தவற்றைச் சூளவமிசம் என்னும் பாலி நூல் விரிவாகக் கூறுகிறது. புனித தந்தத்தைப் பாதுகாப்பான ஒரு மலைப்புறத்திற்கு அனுப்பினான். அண்ணனின் மக்களையும், கருவுற்றுத் தளர்ந்திருந்த அரசியையும் உடன்கொண்டு நகரை நீங்கினான். அரசியைப் பல்லக்கிலே ஏற்றி, அலுங்காமல் குலுங்காமல் சுமப்பித்தான். அவர்கள் சென்றது கிழக்கே மகியங்கனைக்கு.

இன்று அவ்வழியே பேருந்தில் செல்வோர் அடுத்தடுத்த வளைவுகளில் சுழன்று இறங்கும்போதே வயிற்றைப் பிடித்துக்கொள்கின்றனர். அன்று சாலையேது? தும்பறைப் பள்ளத்தாக்கைத் தாண்டி, மழைக்காட்டின் ஊடே, அட்டை கடிக்கும் ஒற்றையடிப் பாதையில், செங்குத்தான மலையிலிருந்து மகாவலிச் சமவெளிக்கு இறங்கவேண்டும். பல்லக்குத் தூக்கிகளின் கால் ஒருமுறை இடறினால் இரண்டு உயிர்கள். பின்னே நகர் எரியும் அச்சம். அருகிலே, தந்தையை இழந்த மூத்த மக்கள். வயிற்றிலே, இரண்டாம் கணவனின் பிள்ளை.

பிரான்சிஸ்கன் துறவிகளிடம் வளர்ந்த பெண்ணுக்கு வேறொரு பயணக் கதையும் தெரிந்திருக்கவேண்டும். கிறிஸ்து பிறப்புக் குடிலைக் கட்டி வணங்கும் வழக்கத்தை உலகெங்கும் பரப்பியவர்கள் அச்சபையினரே; அவர்களுடைய குரு பிரான்சிஸ் அடிகள் 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ என்னுமிடத்தில் அமைத்த குடிலே அதற்கு முன்மாதிரி. நிறைகர்ப்பத்துடன் பெத்லகேம் சென்ற மரியன்னையும், ஏரோது மன்னனின் வாளுக்கு அஞ்சிக் கைக்குழந்தையுடன் எகிப்துக்கு இரவோடிரவாக ஓடிய அத்தாயும், மன்னாரில் ஆண்டுதோறும் அவள் கேட்டு வளர்ந்த கதையின் நாயகியர். பல்லக்கின் திரைக்குள் அவள் உதடு எப்பெயரை முணுமுணுத்தது என்று நாம் அறியோம். ஆனால் இக்கதை அவள் நினைவுக்கு வராமல் இருந்திருக்க முடியுமா? வந்திருந்தால் அதன் கசப்பையும் அவள் உணர்ந்திருப்பாள். அக்கதையில் துரத்தியவன் ஏரோது. இங்கே ஏரோதின் இடத்தில் நின்று துரத்தியவர்கள், அவளுக்குச் செபம் கற்பித்தவர்களின் இனத்தவர். மரியன்னையின் பெயரைக் கூவிக்கொண்டே வாளை உருவுகிறவர்கள். அவளைத் தோளிற் சுமந்து காத்தவர்களோ புத்தரைத் தொழுபவர்கள்.

மகியங்கனை புத்தர்பிரான் இலங்கையில் முதன்முதல் அடிவைத்த இடம் என்று பௌத்தர் நம்பும் திருத்தலம். அங்கே அவளுக்கு ஓர் ஆண் மகவு பிறந்தது. நல்ல நாளில், நல்ல கோளில் பிறந்த ஒளிமிகு புதல்வன் என்று சூளவமிசம் பாராட்டுகிறது. தாயை அரசி என்ற அளவிலே குறிப்பிட்டு நூல் மேலே செல்கிறது. பிறந்தவன் பிற்காலத்தில் இரண்டாம் இராசசிங்கன் எனப் பெயர் பெற்றான்.

ஆபத்து நீங்கி அரச குடும்பம் கண்டிக்கு மீண்டது. 1612-இல் ஒல்லாந்தர் சார்பில் மார்சலிஸ் பொஸ்கோவர் என்பவன் கண்டிக்கு வந்து உடன்படிக்கை செய்தான். மன்னன் அவனைப் பிரபுவாக உயர்த்தித் தன் அவையிலேயே நிறுத்திக்கொண்டான். அரசியின் இறுதிக் காலம் பற்றி நாம் அறிவது பெரும்பாலும் ஒல்லாந்தர் வழியாகவே. முதற்கணவனுக்குப் பிறந்த மூத்த மகன் மகாஸ்தானன் இறந்தான். அரியணைக்கு உரியவன் அவனே. மாற்றாந்தந்தையின்மீது ஐயம் எழுந்தது என்று அவர்கள் எழுதுகின்றனர். உண்மை யாதாயினும், அச்சாவுக்குப்பின் அரசி எழவில்லை. 1613 ஜூலை மாதத்தில் அவளும் மறைந்தாள். சாகுமுன் பொஸ்கோவரையும் பிரபுக்களையும் அழைத்துத் தன் பிள்ளைகளை அவர்கள் கையில் ஒப்படைத்தாள் என்றும், தான் விட்டுவந்த கிறிஸ்தவ சமயத்தை எண்ணி மிக வருந்தினாள் என்றும் ஒல்லாந்த வரலாறு கூறும்.

அவ்வரலாற்றை எழுதியவர் நம் யாழ்ப்பாணத்தில் போதகராயிருந்த பால்தேயு பாதிரியார். அவர் நூல் வெளிவந்தது 1672-இல். அரசி மறைந்து அறுபது ஆண்டுகளுக்குப் பின். சீர்திருத்தச் சபைப் போதகர் ஒருவருக்கு, சமயத்தைத் துறந்தவளின் மரணப்படுக்கை நல்லதொரு பிரசங்கப் பொருள் என்பதை நாம் மறந்துவிடக்கூடாது. அவள் தானாகத் துறந்தாளா, துறக்கும்படி அவளை எடுத்துச் சென்றார்களா என்ற கேள்வியை அவர் எழுப்பவில்லை. ஆயினும் பிள்ளைகளை ஒப்படைத்த செய்தியை நாம் ஐயுறவேண்டியதில்லை. மூத்தவனை இழந்த தாய் எஞ்சியவர்களுக்காக அஞ்சியது இயற்கையே. தன்னையும் இவ்வாறே ஒரு தந்தை, சாகும் தறுவாயில், பிறர் கையில் ஒப்படைத்தான் அன்றோ!

பிள்ளைகளின் கதையையும் சிறிது கூறவேண்டும். செனரதன் தன் ஆட்சியின் பிற்பகுதியில் நாட்டைப் பங்கிட்டான். ஊவா குமாரசிங்கனுக்கும், மாத்தளை விசயபாலனுக்கும், கண்டி உள்ளிட்ட சிறந்த பகுதி இராசசிங்கனுக்கும் கிடைத்தன. அலவத்துகொட வழியாகச் செல்லும் நம் சாலையின் இப்புறத்தில் ஒரு மகன். அப்புறத்தில் மற்றொரு மகன். ஒரே தாயின் பிள்ளைகள் அண்டை நாட்டரசர் ஆயினர். பின்பு பகைவரும் ஆயினர். 1617-ஆம் ஆண்டுச் சமாதானத்திற்குப்பின் பிரான்சிஸ்கன் துறவி ஒருவர் கண்டி அரசகுமாரர்களுக்கு ஆசிரியராய் இருந்தார். அவர் பாடம் விசயபாலனின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. தம்பியுடன் போரிட்டுத் தோற்ற அவன், போர்த்துக்கேயரிடம் அடைக்கலம் புகுந்து கோவாவுக்குச் சென்றான். அங்கே ஞானஸ்நானம் பெற்று, தொன் தெயதோசியு என்ற பெயருடன் 1654-இல் மாண்டான். தாய் மழலையிற் பெற்ற அடையாளத்தை மகன் முதுமையை நோக்கிச் செல்லுங்காலத்தில், நாடிழந்த பின்னர், தேடிப் பெற்றான்.

பல்லக்கிலே வயிற்றில் சுமக்கப்பட்டவனின் வழி வேறு. 1638 மார்ச்சு மாதத்தில் கன்னொறுவையில் போர்த்துக்கேயப் படையொன்றை இராசசிங்கன் அடியோடு அழித்தான். அவ்வாண்டே ஒல்லாந்தருடன் உடன்படிக்கை செய்தான். 1656-இல் கொழும்பு வீழ்ந்தது. 1658-இல் அவன் தாயை வளர்த்த மன்னார்க் கோட்டையும் ஒல்லாந்தர் வசமாயிற்று. அவ்வாண்டிலேயே போர்த்துக்கேயர் இந்நாட்டைவிட்டு முற்றாக அகன்றனர்.

புதிய ஆட்சியாளர் கத்தோலிக்க சமயத்தைத் தடைசெய்தனர். குருமார் நாடு கடத்தப்பட்டனர், கோவில்கள் பறிக்கப்பட்டன. சொரூபங்களையும் செபமாலைகளையும் மூட்டைகட்டிக்கொண்டு, கைக்குழந்தைகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, கரையோரக் கத்தோலிக்கர் பலர் மலைநாட்டை நோக்கி நடந்தனர். இராசசிங்கன் அவர்களைத் தடுக்கவில்லை. தன் நாட்டில் குடியிருக்க இடம் தந்தான்.